ஒழுகாத குழாய்க்கு வைத்த பக்கெட்

1

அயர்லாந்துக்கு வந்து ஏழு வருஷம் முடிந்த அன்று காலையில், கேசரி கிளறலாம் என்று சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரியில் வாணலி எடுக்கக் குனிந்தேன். வாணலிக்குள் தண்ணீர். நான் ஊற்றியது இல்லை. தலையை உள்ளே விட்டுப் பார்த்தால், சுவரிலிருந்து வரும் பைப்பும் குழாய்க்குப் போகும் ஹோஸும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. விழலாமா வேண்டாமா என்று யோசித்து விழுந்தது. அது விழுந்த பிறகுதான் அடுத்தது வந்து நின்றது. இந்த நாட்டுச் சொட்டு, வரிசை தவறாது.

என் மனைவி சுகந்தி ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் நர்ஸ். அவளால்தான் நாங்கள் இந்த நாட்டுக்கே வந்தோம். நான் பேக்கரி வேன் ஓட்டுகிறேன்.

"ஏழு வருஷம் முடிஞ்சதுக்கு இந்த ஊடே கேசரிக்குத் தண்ணி அளந்து வச்சிருக்குது" என்றேன்.

"சிரிக்காதீங்க. நாலு வாரத்துல இன்ஸ்பெக்‌ஷன் இருக்குது."

அவள் சொன்ன இன்ஸ்பெக்‌ஷனைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் இருப்பது வாடகை வீடு. வீட்டுக்காரரை இரண்டு வருஷமாக நாங்கள் பார்த்ததே இல்லை. நடுவில் ஒரு ஏஜென்சி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கிருந்து ஆள் வந்து, நாங்கள் வீட்டை எப்படி வைத்திருக்கிறோம் என்று படம் பிடித்துக்கொண்டு போவார்கள். இந்த முறை ஒப்பந்தமும் முடிகிறது. அவர்கள் எழுதுவதை வைத்துத்தான் எங்களுக்கு வீடு தொடர்ந்து கிடைக்குமா என்பது. கிடைக்காவிட்டால் இந்த ஊரில் வேறு வீடு இல்லை, வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். எங்கள் மகள் தாரணிக்குப் பதினான்கு வயது. இது அவளுக்கு மூன்றாவது பள்ளிக்கூடம். இந்தப் பள்ளியில்தான் முதல்முறையாக, மதியம் சேர்ந்து சாப்பிட ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். "நாலாவது ஸ்கூலுக்கு அனுப்பினா நான் யார்கிட்டயும் பேச ஆரம்பிக்கவே மாட்டேன்" என்று அன்று காலை சொன்னாள். அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதவில்லை.

2

வாடகை வீட்டில் எதையும் நாமாகத் தொடக்கூடாது. ஏஜென்சியின் இணையப் பக்கத்தில் புகார் எழுத வேண்டும். எழுதினேன். ஒழுகல் என்று அழுத்தினால் எங்கே ஒழுகுகிறது என்று ஒரு பட்டியல் விரிகிறது: கூரை, சுவர், ஜன்னல், கொதிகலன். சிங்க்குக்கு அடியில் என்பது அதில் இல்லை. 'மற்றவை' என்பதில் போட்டேன். இந்த நாட்டுப் படிவங்களில் என் இனம், என் மதம், என் படிப்பு எல்லாமே 'மற்றவை'தான். குழாயும் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டது.

நான்கு நாள் கழித்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். தேன் மாதிரிக் குரல். "உங்களுக்கு இதனால் மிகவும் சிரமமாக இருக்கிறதா?" என்று கேட்டாள்.

சேலம் மாவட்டத்துக்காரனிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. பந்தியில் இலை காலியாகிக் கால் மணி நேரம் ஆனாலும், 'பரவாயில்லைங்க, மொதல்ல அவிங்களப் பாருங்க' என்று கை காட்டுகிற கூட்டம் நாம். நானும் அப்படியே, "சிரமமெல்லாம் ஒன்றும் இல்லை மேடம், சின்னச் சொட்டுதான், உங்களுக்கு எப்போது சௌகரியமோ அப்போது" என்று ஆங்கிலத்தில் குழைந்தேன். அவள் மனதார நன்றி சொன்னாள். சாயந்திரம் மின்னஞ்சல் வந்தது. சிரமம் எதுவும் இல்லை என்று வாடகைதாரரே உறுதி செய்துவிட்டதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது.

தாரணி படித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, நீங்க கம்ப்ளெயின்ட் பண்ணல. அவங்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கீங்க."

3

எனக்கு இதெல்லாம் புதிது இல்லை. நான் பிறந்து வளர்ந்தது ஏற்காட்டு மலையில், வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில். வரிசையாகப் பன்னிரண்டு வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. சுவர், கதவு, தகரம், தகரத்தில் இருக்கும் ஓட்டை எல்லாமே எஸ்டேட் சொத்து. ஓட்டையைத் தொட்டாலும் எஸ்டேட்டைத் தொட்டது போலத்தான். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் ஒரு நீள நோட்டில் எழுதி, "எழுதியாச்சு, போ" என்பார். பக்கத்து வீட்டு மாரக்கா ஒருமுறை அவரிடம் கேட்டதை எங்கள் லைனில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்: "ஏனுங்க ரைட்டரு, போன வருசம் எழுதுனீங்களே, அந்த நோட்டு மேலயும் எங்கூட்டுத் தண்ணி சொட்டி அழிஞ்சு போச்சுங்களா?"

மழைக்கு முன்னால், வருஷத்துக்கு ஒருமுறை, மேனேஜர் லைனைச் சுற்றிப் பார்க்க வருவார். பன்னிரண்டு வீட்டில் இரண்டுக்கோ மூன்றுக்கோ மட்டும் புதுத் தகரம். எது நொம்ப மோசமோ அதற்கு. ஆகவே எங்கள் ஆட்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ரைட்டர் சேலத்துக்கு பஸ் ஏறுகிற ஞாயிற்றுக்கிழமையில் கூரைமேல் ஏறி, தாரும் சாக்கும் கிழிந்த சைக்கிள் டியூபும் வைத்து ஓட்டையை அடைப்பார்கள். அடைத்த இடத்தின்மேல் இலைச் சருகைத் தூவி விடுவார்கள். வீட்டுக்குள்ளே சுவரில் வழிந்த கறையை மட்டும் குலதெய்வம் மாதிரிக் காப்பாற்றுவார்கள். மேனேஜர் வருகிற அன்று வீட்டில் இருக்கிற குண்டா, சட்டி எல்லாம் தரையில் வந்து உட்காரும். வானத்தில் மேகம் இருக்காது, சட்டியில் தண்ணீர் இருக்கும். நனையாமலும் இருக்க வேண்டும், நனைகிற மாதிரியும் இருக்க வேண்டும். இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. போன மழைக்கு ஒழுகியதைத்தானே காட்டுகிறோம் என்பார்கள்.

ஒரு வருஷம் எங்கள் அப்பாவுக்குக் கை அரித்தது. கூரையை அடைத்தவர் அதோடு இறங்கி வராமல், உள்ளே சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார். வெள்ளை வெளேர் என்று வீடு. மேனேஜர் எட்டிப் பார்த்து, "இந்த ஊட்டுக்கு என்ன குறை?" என்றார். ரைட்டர் நோட்டில் ஒரு கோடு போட்டார். அதற்கப்புறம் பதினோரு வருஷம் எங்களுக்குத் தகரம் வரவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அம்மா ஒரு சட்டியை வைத்துவிட்டு, "சுண்ணாம்பு அடிச்ச கைக்கு ஒரு தங்கக் காப்புப் போட்டுடுங்க" என்பாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

4

குழாயைச் சரிசெய்ய ஏஜென்சியிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஒருவகையில் நிம்மதி. வராதவர்களோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

நானே செய்வது என்று முடிவு செய்து வீடியோ பார்த்தேன். தாடி வைத்த ஒருவர் ஐந்து நிமிஷ வேலை என்று சிரித்தார். அவருடைய அலமாரியில் பைப் மட்டும்தான் இருந்தது. என் அலமாரியில் பைப்புக்கு முன்னால் அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, இட்லிக் கொப்பரை, ஏழு வருஷமாகச் சேர்த்த பிளாஸ்டிக் பை. எல்லாவற்றையும் இறக்கி வைக்கவே அரை நாள்.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள் என்றார் தாடிக்காரர். எங்கள் மலையில் தண்ணீர் மேலே இருக்கும் ஊற்றிலிருந்து ஹோஸில் இறங்கி வரும். நிறுத்த வேண்டுமென்றால் மேட்டில் ஏறிப் போய் ஹோஸைப் பிடுங்கிப் போட வேண்டும். கால் பழகிய வழியில் போகும் போல. ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவின் மேட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டேன். நான்கு வீடு தாண்டி, நாயோடு வந்த ஒருவர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். தண்ணீர் தொடங்கும் இடத்தை என்றேன். அவர் என் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு நாயை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். பின்னாலிருந்து தாரணியின் குரல்: "அப்பா! வால்வு ஊட்டுக்குள்ளயே இருக்கு! அரிசி மூட்டைக்குப் பின்னாடி!"

நான் கவனித்தேன், அவள் 'ஊட்டுக்குள்ள' என்றாள். அவசரத்துக்கு வந்த தமிழ்.

அடுத்தது வாஷர். தேய்ந்துபோன வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். ஏற்காட்டில் ஹார்டுவேர் கடைக்குப் போனால், கடைக்காரர் வாஷரைப் பார்ப்பார், நம் முகத்தைப் பார்ப்பார், யார் வீட்டுக்கு என்று கேட்பார், "போன தடவை நீங்க வாங்குனதே தப்புங்க" என்று திட்டிவிட்டுச் சரியானதைக் கொடுப்பார். இங்கே சுவர் முழுக்க வாஷர், திட்டுவதற்கு ஆள் இல்லை. நான்கு அளவில் வாங்கினேன், மூன்று தப்பு. கூடவே வெள்ளையாக, மெல்லிசாக இருக்குமே டெஃப்லான் டேப், அதையும் வாங்கிவந்து, கல்யாண மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுகிற தாராளத்தோடு மரையில் சுற்றினேன்.

இரண்டாம் நாள் சாயந்திரம் சொட்டு நின்றது. சொட்டுக்கு வைத்திருந்த பக்கெட்டை எடுத்துவிட்டு, பைப்புக்கு அடியில் ஒரு பேப்பரை விரித்துவைத்து, மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அந்தக் காய்ந்த பேப்பர்தான்.

மிச்சம் இருந்தது அலமாரியின் அடிப்பலகை. ஈரத்தில் உப்பி, நடுவில் கறுப்பாகக் கறை படிந்திருந்தது. மருந்து போட்டுத் துடைத்தால் அரை மணி நேர வேலை. துணியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் மல்லிகா அக்கா வீடியோ காலில் வந்தாள்.

5

அக்கா இன்னும் அதே எஸ்டேட்டில், அதே லைனில் இருக்கிறாள். காப்பிப் பழம் பறிக்கிறாள்.

"என்ன சாமி பண்ணீட்டிருக்க?"

"கொழாயச் சரி பண்ணிட்டேங்க்கா. நானே பண்ணுனேன்."

"யாருகிட்டயாச்சும் சொன்னயா?"

"இல்லீங்க்கா."

"கையில என்ன துணி?"

"கறை ஒண்ணு இருக்குது, தொடைச்சுட்டா..."

"கீழ போடு மொதல்ல." அக்காவின் முகம் திரை முழுக்க வந்தது. "அப்பன் சுண்ணாம்பு அடிச்சது மறந்து போச்சா உனக்கு? அந்தக் கறைதான் சாமி உனக்குச் சாட்சி. பக்கெட்டையும் அங்கியே வை. பாக்க வர்றவங்க ஐயோ பாவம்னு அலமாரியே புதுசாப் போட்டுத் தருவாங்க. நொம்பச் சுத்தமா வச்சிருந்தீன்னா, இவுனுக்கு ஒரு குறையும் இல்லைன்னு போயிருவாங்க."

பக்கத்தில் வந்து நின்ற தாரணி போனுக்குள் எட்டிப் பார்த்தாள். "அத்தை, இங்க அப்படி இல்ல. இங்க வர்றவங்க வீட்டப் பாக்க வரல. நம்மளப் பாக்க வர்றாங்க."

"எல்லா ஊர்லயும் வர்றவங்க அப்பிடித்தான் கண்ணு வருவாங்க. நாமதான் ஊட்டக் காட்டி அனுப்போணும்."

இரண்டு பேர் பேச்சில் ஒன்றை நான் எடுத்தாக வேண்டும். மகளுக்கு இந்த நாடு தெரியும். அக்காவுக்கு மேனேஜர்களைத் தெரியும். எந்த நாடாக இருந்தால் என்ன, வரப்போவது மேனேஜர் வகைதானே என்று அக்கா பக்கம் சாய்ந்தேன். துணியை மடித்து வைத்தேன்.

6

இன்ஸ்பெக்‌ஷன் அன்று மாலை நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றே முக்காலுக்குப் பக்கெட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். போதாத மாதிரி இருந்தது, இன்னும் ஒன்று. பலகைமேலும் கொஞ்சம் தெளித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தாரணி வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். சுகந்தி டூட்டியில் இருந்தது என் அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்தேன்.

வந்தது ஒரு இளம்பெண். கையில் டேப்லெட். ஜன்னலைப் படம் எடுத்தாள், அடுப்பைப் படம் எடுத்தாள், அலமாரியைத் திறந்தாள். பக்கெட்டைப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளாக ஒழுகுகிறது?"

"நாலு வாரம்" என்றேன், குரலில் கொஞ்சம் ஈரம் சேர்த்து.

அவள் டேப்லெட்டைத் தடவினாள். "சிரமம் இல்லை என்று நீங்கள் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறதே. நாலு வாரமாக ஒழுகவிட்டு, மறுபடி தெரிவிக்காமல் பலகையைக் கெடுத்திருக்கிறீர்கள். வாடகைதாரரின் அலட்சியம் என்று எழுத வேண்டியிருக்கும்."

"இல்லை இல்லை, ஒழுகவில்லை. நானே சரிசெய்துவிட்டேன்!"

"அப்படியானால் பக்கெட்டில் தண்ணீர்?"

"அது... நான் ஊற்றியது."

அவள் தாரணியைப் பார்த்தாள். என் ஆங்கிலத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பாள். நானும் தாரணியைப் பார்த்தேன். "கண்ணு, நம்ம எஸ்டேட்டு வழக்கத்த எடுத்துச் சொல்லு."

"அப்பா, இத நான் எப்படிச் சொல்றது? சரி பண்ணிட்டு, அப்புறம் தண்ணியத் திரும்ப ஊத்தி வச்சாருன்னா?"

"தகரத்துல இருந்து ஆரம்பி."

தகரத்திலிருந்து ஆரம்பித்தாள். ரைட்டர், நோட்டு, சுண்ணாம்பு என்று அவளுக்குத் தெரிந்தவரை சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் காது சிவந்துகொண்டே போனது. வந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: ஒழுகல் இருந்தால் அது அலட்சியம். சரிசெய்திருந்தால் அது அனுமதி இல்லாத வேலை, ஒப்பந்தத்தை மீறியது. டேப்லெட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது, எதை நிரப்புவது? சரிசெய்யப்பட்டது, ஆனால் ஒழுகுவது போல வைக்கப்பட்டது என்பதற்குக் கட்டம் இல்லை.

'மற்றவை' இருக்கும் பாருங்கள் என்றேன். இருந்தது.

7

மறுநாள் மின்னஞ்சல். ஒப்பந்தம் புதுப்பிப்பது பரிசீலனையில் உள்ளது.

சுகந்தி படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் வார்டுல ஒரு மாத்திரைய எழுதாம விட்டாலே வேலை போயிரும்னு பயந்து பயந்து எழுதீட்டு வர்றேன். நீங்க ஒழுகாத கொழாய்க்குப் பக்கெட் வச்சு வேசம் கட்டியிருக்கீங்க." அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாரணி தன் பள்ளி லாக்கரில் இருந்த பொருட்களைத் தினம் ஒன்றாக வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தாள். திங்கட்கிழமை ஒரு ஜோடி ஷூ. செவ்வாய்க்கிழமை வண்ணப் பென்சில் டப்பா. யாரும் சொல்லாமலேயே காலி செய்கிறாள். வியாழக்கிழமை நான் அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். "என்ன பண்ணலாம் கண்ணு?"

"நடந்ததை அப்படியே எழுதலாம்."

"தண்ணி ஊத்துனத விட்டுடலாமா?"

"அதுதான்பா முக்கியம். அதை விட்டா எதுக்குமே அர்த்தம் இல்ல."

அவளே எழுதினாள். முடித்துவைத்த புகார், வாஷர் வாங்கிய ரசீது, எஸ்டேட் கதை, அத்தையின் யோசனை, இரண்டு டம்ளர், அப்புறம் மூன்றாவது டம்ளர். கடைசியில், "என் அப்பா பொய் சொல்லத் தெரியாதவர், அதனால்தான் பக்கெட்டால் சொல்ல முயன்றார்" என்று ஒரு வரி. இது புகழ்ச்சியா என்று கேட்டேன். பாதி என்றாள். வீட்டுக்காரரிடம் சேர்க்கும்படி ஏஜென்சிக்கு அனுப்பினாள்.

சனிக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. சேறு படிந்த பூட்ஸோடு ஒரு பெரியவர். நான்தான் வீட்டுக்காரன் என்றார். பக்கத்துக் கிராமத்தில் மாடு வைத்திருக்கிறாராம். உள்ளே வந்து, முழங்காலில் உட்கார்ந்து, அலமாரிக்குள் கையை விட்டு இணைப்பைத் தடவினார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். அவர் தோள் குலுங்கியது. எனக்கு முதலில் புரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

தன் முன்னோர்களும் ஒருகாலத்தில் பெரிய நிலக்காரன் ஒருவனுக்குக் குத்தகைக் குடியானவர்களாக இருந்தார்களாம். அவனுடைய ஏஜென்ட் வருகிறான் என்று தெரிந்தால், வீட்டு வாசலில் சாணத்தைக் குவித்துவைப்பார்களாம். வீடு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் வாடகையை ஏற்றிவிடுவான் என்று. "உங்கள் மகள் எழுதியதை என் அண்ணனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்" என்றார். "நான்கூட ஒரு ஏஜென்ட்டை வைத்துக்கொள்கிற ஆளாகிவிட்டேன் என்று அவன் என்னைத்தான் திட்டினான்."

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆனால் ஒன்று. வாஷர் இருக்கிற இடத்தில் எதற்கு டேப்? அதையும் திருப்பிச் சுற்றியிருக்கிறீர்கள்."

ஏழு வருஷத்துக்கு அப்புறம் ஒருவர் என்னை ஹார்டுவேர் கடைக்காரர் மாதிரித் திட்டினார்.

8

ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. அதில் ஏஜென்சி புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தது: சிறிய பழுதுகளை வாடகைதாரரே சரிசெய்துகொள்ளலாம், செய்த பிறகு தெரிவித்தால் போதும், சுவரில் படம் மாட்டிக்கொள்ளலாம். இதை அவர்கள் சலுகை என்று எழுதியிருந்தார்கள். இனிமேல் அவர்கள் வரவே வேண்டியதில்லை என்பதை இவ்வளவு அழகாக எங்கள் ரைட்டரால்கூடச் சொல்லியிருக்க முடியாது.

அக்காவிடம் பெரியவர் கதையைச் சொன்னேன். சாணம் குவித்த இடம் வந்ததும் போனைப் பிடித்துக்கொண்டு லைன் முழுக்கக் கூப்பிட்டாள். "ஏனுங்க, கேட்டீங்களா, அந்தூர்லயும் நம்மாளுங்க இருந்திருக்காங்க!" என்னுடைய பத்து நாள் தூக்கம் போனதை அவள் விசாரிக்கவே இல்லை. யோசனை பலித்துவிட்டது என்பதுதான் அவள் கணக்கு.

தாரணி திங்கட்கிழமை காலையில் ஷூவையும் பென்சில் டப்பாவையும் பையில் வைத்து எடுத்துப் போனாள். மாலையில் தோழியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். "அப்பா, சுத்தியல் குடுங்க. நாங்களே மாட்டிக்கிறோம். நீங்க வர வேண்டாம்."

நான் போகவில்லை. சமையலறையில் நின்று எண்ணினேன். ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடிக்கு வேறு மாதிரி ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். இங்கே உள்சுவர் எல்லாம் அட்டை மாதிரி, உள்ளே காலி. அப்பளம் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. தோழி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தாரணி முகமெல்லாம் வெள்ளைத் தூள். போட்டோவை ஓட்டையின்மேல் வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் ஓட்டை தெரிந்தது.

"அப்பா, இப்ப என்ன பண்றது? காட்டணுமா, மறைக்கணுமா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஐந்து.

"உங்கம்மா அஞ்சரைக்கு வருவா" என்றேன். "பூசு."